சுவரோடு வாங்கிய வீடுகள்

வியாழன், நியூயார்க்

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் ஒரு வங்கி நிற்கிறது. 1820களில் வால் ஸ்ட்ரீட்டில் கட்டிய அமெரிக்க வங்கிக் கிளையின் பளிங்கு முகப்பை அப்படியே பெயர்த்து வந்து, கண்ணாடிக் கூரை போட்ட முற்றத்துக்கு ஒரு பக்கச் சுவராக நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின்னால் இருப்பவை வீடுகள். முழு வீடுகள் அல்ல. ஒரு வீட்டின் கூடம், இன்னொரு வீட்டின் படுக்கையறை, ஏதோ ஓர் ஊர் விடுதியின் நடன அரங்கு என்று துண்டு துண்டாக. சுவரில் அடித்த மரப்பலகை, கணப்பு, ஜன்னல் சட்டம், கதவு எல்லாவற்றையும் கழற்றி வந்து உள்ளே மறுபடியும் பூட்டி, அந்தக் காலத்து மேசை நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதற்குப் பீரியட் ரூம் என்று பெயர். இந்த அருங்காட்சியகம் 1924இல் இவற்றுக்காகவே தனிப் பகுதி ஒன்றைத் திறந்தது.

நான் அமெரிக்கா வந்தது அக்கா மகனைப் பார்க்க. ஆனால் டிக்கெட் எடுத்த அன்றே, இப்படிப்பட்ட அறைகளாலேயே நிறைந்த, டெலவேர் மாநிலத்தில் இருக்கும் வின்டர்டூர் மாளிகையையும் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். பழைய மரச்சாமான் என்றால் எனக்குக் கிறுக்கு. வின்டர்டூருக்கு முன்னோட்டமாகத்தான் இன்றைய நியூயார்க்.

வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் கேட்ஸ்பி விடுதி என்று ஒன்று உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளை ஒட்டி அங்கே நடனவிருந்து நடத்துவார்கள். 1798இல் அவரே வந்திருந்தார். அந்த அரங்கின் மரவேலைப்பாட்டை, இசைக்காரர்கள் உட்கார்ந்து வாசித்த மாடம் உட்பட, 1917இல் இந்த அருங்காட்சியகம் வாங்கிவிட்டது. இப்போது அலெக்சாண்ட்ரியா போனால் விடுதி இருக்கும், அரங்கும் இருக்கும். அரங்கில் இருப்பது நகல். அசல் மன்ஹாட்டனில். பிலடெல்பியா மேயர் சாமுவேல் பவலின் வீட்டுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை: ஓர் அறை இங்கே, மற்றோர் அறை பிலடெல்பியா அருங்காட்சியகத்தில், வீடு மட்டும் பழைய தெருவிலேயே நிற்கிறது. காரைக்குடிக் கடைத்தெருவில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களும் கதவுகளும் விலைக்குச் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இங்கே அறையை உதிரியாக விற்காமல் மொத்தமாக எடுத்துப் போனார்கள், அவ்வளவுதான்.

வேகமாகச் சுற்றினேன். பிராங்க் லாயிட் ரைட் 1912 முதல் 1914 வரை மின்னசோட்டாவில் கட்டிய வீட்டின் கூடத்தில் மட்டும் கால் நின்றது. அந்த வீடு 1972இல் இடிபட்டது. இந்த அறை தப்பிப் பிழைத்து இங்கே வந்து சேர்ந்தது. அறை முழுக்க நீளவாக்கில் ஓடும் ஜன்னல்கள். சுவரே இல்லையோ என்று தோன்றும்.

2021இல் திறந்த அறை ஒன்றும் இருக்கிறது. சென்ட்ரல் பார்க் அமைப்பதற்காக 1857இல் காலி செய்யப்பட்ட செனகா கிராமத்தில் கறுப்பின மக்கள் சொந்த நிலமும் வீடும் வைத்து வாழ்ந்தார்கள். கழற்றி எடுத்து வர அங்கே வீடு எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஊர் அழியாமல் தொடர்ந்திருந்தால் அங்கே ஒரு வீடு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து கட்டியிருக்கிறார்கள். “நான் கற்பனை” என்று தானே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் அறை இதுதான். மற்ற அறைகளும் கற்பனைதான் என்பது என் கட்சி. நாளை அதைச் சரிபார்க்க வேண்டும்.

வெள்ளி, வின்டர்டூர்

நியூ ஜெர்சியிலிருந்து அக்கா மகன் காரில் அழைத்து வந்தான். “பழைய நாற்காலியைப் பார்க்க இவ்வளவு தூரமா, சித்தி?” என்று வழியெல்லாம் முணுமுணுப்பு. வில்மிங்டன் நகரத்தைத் தாண்டிச் சில மைல் போனதும் சாலையோரம் கல்சுவர்களும் புல்மேடுகளும் தொடங்கிவிடுகின்றன. வின்டர்டூர் எஸ்டேட் ஏறக்குறைய 1,000 ஏக்கர். வரவேற்புக் கட்டடத்திலிருந்து மாளிகைக்குச் சிறிய பஸ் விடுகிறார்கள்.

இதை உருவாக்கியவர் ஹென்றி பிரான்சிஸ் டூபான்ட். 1880இல் இதே எஸ்டேட்டில் பிறந்தார், 1969இல் இறந்தார். பிரான்சிலிருந்து வந்த அவருடைய கொள்ளுத்தாத்தா 1802இல் பிராண்டிவைன் ஓடைக்கரையில் வெடிமருந்து ஆலை தொடங்கினார். இன்றும் உலகம் அறிந்த டூபான்ட் நிறுவனத்தின் தொடக்கம் அது. தாத்தாவின் சகோதரியும் அவர் கணவரும் 1839இல் இங்கே வீட்டைக் கட்டி முடித்து, கணவரின் முன்னோர் வாழ்ந்த சுவிட்சர்லாந்து ஊரின் பெயரை வைத்தார்கள். பன்னிரண்டு அறைகள் கொண்ட வீடாக இருந்தது. இன்று 175 அறைகள்.

இந்தப் பெருக்கத்துக்குத் தொடக்கம் ஒரு தட்டு அலமாரி என்கிறார்கள். 1923இல் டூபான்ட் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போகிறார். அங்கே பைன் மர அலமாரியில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் செய்த இளஞ்சிவப்பு வண்ணப் பீங்கான் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மரத்தின் நிறமும் தட்டின் நிறமும் ஒன்றோடொன்று இழைந்த அழகில் மனிதர் சொக்கிவிட்டார். அதுவரை பணக்கார அமெரிக்கர்கள் என்றால் பிரெஞ்சு நாற்காலி, ஆங்கிலேய மேசை. இவர் உள்ளூர்த் தச்சர்கள் செய்ததைத் தேட ஆரம்பித்தார். முதலில் வாங்கியது 1737 என்று ஆண்டு பதித்த பென்சில்வேனிய வால்நட் மரப்பெட்டி ஒன்று. பிறகு பெட்டியோடு நிற்கவில்லை. 1926இன் கடைசியில் தந்தை இறந்ததும் வீடு இவர் கைக்கு வந்தது. 1928இலிருந்து கட்டடத்தை இரட்டிப்பாக்கி, கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இடிபடவிருந்த, விலைக்கு வந்த வீடுகளின் உள்சுவர்களை வாங்கி உள்ளே பொருத்தினார். 1929 ஏலத்தில் பிலடெல்பியாவில் செய்த உயரமான இழுப்பறை அலமாரி ஒன்றுக்கு 44,000 டாலர் கொடுத்தார். அமெரிக்க மரச்சாமானுக்கு அன்று அது சாதனை விலை. சில மாதங்களில் பங்குச் சந்தை சரிந்தது. இவர் வாங்குவதை நிறுத்தவில்லை.

எங்களை அழைத்துப் போனவர் நரைத்த தலையும் கறாரான குரலும் கொண்ட அம்மையார். பை எதுவும் முதுகில் தொங்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. உள்ளே ஒரே மங்கல். துணியும் மரமும் வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பது காரணம். மெழுகுவத்தி காலத்துச் சூழலும் கிடைத்துவிடுகிறது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட கண்களுக்குத் தண்டனை. சிறுதூரம் போன பிறகுதான் பார்வை பழகியது.

முதலில் படிக்கட்டு. வட கரோலினாவில் தோட்ட முதலாளி ஒருவர் 1820களில் கட்டிய மான்ட்மொரன்சி மாளிகையின் படிக்கட்டு அது. தாங்க ஒரு தூண்கூட இல்லாமல் அந்தரத்தில் வளைந்து வளைந்து மேலேறுகிறது. தந்தை காலத்துப் பளிங்குப் படிக்கட்டைப் பிடுங்கிவிட்டு டூபான்ட் இதை வைத்தார். அப்படியே வைத்தாரா என்றால் இல்லை. இந்தக் கூடத்தின் அளவுக்குப் பொருந்துகிற மாதிரி அதன் வளைவையே மாற்றினார். அம்மையார் இதை மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

சீனக்கூடம் என்ற அறைக்கு வந்ததும் என் கட்சிக்கு வலு கூடியது. 1770 வாக்கில் சீனாவில் கையால் தீட்டிய சுவர்க்காகிதம் நான்கு பக்கமும் ஓடுகிறது. சந்தை, ஆற்றுப்படகு, குழந்தைகளோடு நிற்கும் பெண்கள் என்று ஊரே அதில் இருக்கிறது; போட்ட உருவம் திரும்ப வருவதில்லை. வாங்கி வந்தபோது காகிதம் சுவரைவிட உயரம். வெட்ட மனம் வராத டூபான்ட், சுவரும் கூரையும் சேரும் இடத்தை வளைத்துக் கட்டச் சொன்னார். காகிதத்துக்கு வீடு வளைந்து கொடுத்தது.

போர்ட் ராயல் கூடத்துக்குத்தான் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். பெர்முடாவிலிருந்து வந்த வணிகர் எட்வர்ட் ஸ்டைல்ஸ் 1762இல் பிலடெல்பியாவை ஒட்டிக் கட்டிய வீட்டின் மரவேலை. கணப்புக்கு இருபுறமும் மஞ்சள் பட்டு போர்த்திய இரண்டு சோபாக்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. எல்லாமே ஜோடி ஜோடியாக. டூபான்டுக்குச் சமச்சீர் என்றால் உயிர். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் யாரும் இப்படிப் போட்டு வைத்ததில்லை. நாற்காலிகளைச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். வேண்டும்போது இழுத்துப் போடுவார்கள். நடுவில் சோபா போட்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 20ஆம் நூற்றாண்டுப் பணக்காரர் வீட்டுப் பழக்கம். ஆக, சுவர் ஸ்டைல்ஸுடையது, அமைப்பு டூபான்டுடையது. அவரும் குடும்பமும் இங்கே உண்மையிலேயே குடியிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. விருந்தாளிகள் இந்தக் கட்டில்களில் தூங்கினார்கள்.

கயிறு கட்டிய இடத்துக்கு அருகில் ஒரு தேநீர் மேசை இருந்தது. குனிந்து பார்த்தேன். வட்டப் பலகை, விளிம்பு மட்டும் அலை அலையாக உயர்ந்திருக்கிறது. ஒட்டிவைத்த விளிம்பு அல்ல. தடித்த ஒரே பலகையில் நடுப்பகுதி முழுவதையும் செதுக்கிக் கழித்துவிட்டு ஓரத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். ஒரு விரல் உயர விளிம்புக்காக எவ்வளவு மரம் தூளாகப் போயிருக்கும்! கால்கள் மூன்றும் தரையைத் தொடும் இடத்தில் பறவையின் நகங்கள் ஓர் உருண்டையைப் பற்றியிருக்கின்றன. நகக்கணுக்களில் எலும்பு துருத்துவது தெரிகிறது. மரம் மஹோகனி. பிலடெல்பியாப் பக்கம் விளைவதல்ல. கரீபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் அடிமைகள் காட்டுக்குள் போய் வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கப்பலேற்றியது. பிலடெல்பியாத் தச்சனின் கைத்திறனைப் பற்றி அம்மையார் நிறையச் சொன்னார். மரம் வந்த வழியைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார். கேட்டதும் தயங்காமல் சொன்னார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

சாப்பாட்டு அறையில் பாஸ்டன் தட்டார் பால் ரெவியர் 1772இல் ஒரு தேவாலயத்துக்காகச் செய்த ஆறு வெள்ளிக் குவளைகள் வரிசையாக நிற்கின்றன. சுவரில் பெஞ்சமின் வெஸ்ட் பாதியில் விட்ட ஓவியம். அமெரிக்க சுதந்திரப் போரை முடித்த பாரிஸ் பேச்சுவார்த்தையை வரையத் தொடங்கினார். இடப்பக்கம் அமெரிக்கத் தரப்பின் பிராங்ளின், ஆடம்ஸ், ஜே, லாரன்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள். வலப்பக்கம் வெறும் பழுப்புச் சாயம். தோற்றுப்போன பிரிட்டிஷ் தரப்பு ஓவியருக்கு முன் உட்கார மறுத்துவிட்டது என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. வராமல் போன பிரிட்டிஷ் தூதர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட், மேற்கு ஆப்பிரிக்காவின் பன்ஸ் தீவில் அடிமைச் சந்தை நடத்தியவர்களில் ஒருவர். படத்தில் இருக்கும் ஹென்றி லாரன்ஸ், சார்ல்ஸ்டனில் அந்தச் சரக்கை விற்றுக்கொடுத்த முகவர். பழைய வியாபாரக் கூட்டாளிகள் இருவர் இரண்டு நாடுகளின் பிரதிநிதிகளாக எதிரெதிரே உட்கார்ந்து சமாதானம் பேசியிருக்கிறார்கள். இந்த அறையின் மிகச் சுவாரசியமான பகுதி அந்தக் காலி இடம்தான் என்பேன்.

விருந்தளிப்பதில் டூபான்ட் பெரிய கெட்டிக்காரர். தோட்டத்தில் அன்று எந்தப் பூ நன்றாக இருக்கிறதோ அதற்கேற்ற பீங்கான், அதற்கேற்ற மேசை விரிப்பு. அறைகளின் திரைச்சீலைகளைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார். 1961இல் ஜாக்குலின் கென்னடி வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்கக் குழு அமைத்தபோது தலைவராக இவரைத்தான் பிடித்தார்.

அதற்குப் பிறகு அறை மாற்றி அறை. இரண்டை மட்டும் சொல்கிறேன். பென்சில்வேனியாவின் குட்ஸ்டவுன் அருகே 1783இல் ஒரு ஜெர்மன் குடும்பம் கட்டிய வீட்டின் அறை. மரவேலை முழுக்க நீலச் சாயம், சுவரில் அந்த மக்களின் பிறப்பு, ஞானஸ்நானப் பத்திரங்கள். பத்திரம் என்றால் அரசு முத்திரை குத்திய காகிதம் அல்ல. கிளியும் துலிப் பூவும் இதயமும் தீட்டி, குழந்தையின் பெயரை வளைந்த எழுத்தில் எழுதியவை. அதிலிருந்து நியூ ஹாம்ப்ஷயரின் என்ஃபீல்டிலிருந்து வந்த ஷேக்கர் அறைக்குள் போனால் வண்ணமே இல்லை. திருமணத்தைத் துறந்து, ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக வாழ்ந்த சமயக் கூட்டம் அது. சுவரைச் சுற்றி முளைகள்; கூட்டிப் பெருக்கும்போது நாற்காலிகளை அதில் தூக்கி மாட்டிவிடுவார்கள். அக்கா மகன் முதன்முறையாக வாய் திறந்தான்: “இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, சித்தி.” பையனுக்கு ரசனை இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

கிளம்பும் முன் ஒரு முற்றத்தைக் காட்டினார்கள். கட்டடத்துக்குள்ளேயே கூழாங்கல் பாவிய தெருச்சதுக்கம். நான்கு பக்கமும் நான்கு ஊர்களின் வீட்டு முகப்புகள். டெலவேரின் சிவப்புச் சிங்க விடுதியும் அதில் ஒன்று. முன்பு இது டூபான்ட் குடும்பம் பாட்மிண்டன் ஆடிய இடம்.

சனி, வின்டர்டூர்

நேற்று மாளிகை, இன்று காட்சிக்கூடங்களும் தோட்டமும். மாளிகை 1951இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. டூபான்ட் அதே எஸ்டேட்டில் சின்ன வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு குடிபெயர்ந்தார். அவர் கணக்கில் சின்ன வீடு. அடுத்த ஆண்டே டெலவேர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதுநிலைப் படிப்பு தொடங்கினார்கள். இன்று அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றில் இங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பில் இருக்கும் பொருட்கள் ஏறக்குறைய 90,000. 1640க்கும் 1860க்கும் இடையில் அமெரிக்காவில் செய்தவை அல்லது பயன்படுத்தியவை.

பயன்படுத்தியவை என்ற அந்த ஒரு சொல்லின் தயவில் நம் சோழமண்டலக் கரையும் உள்ளே வந்துவிடுகிறது. துணிப் பகுதியில் ஒரு பெரிய படுக்கை விரிப்பின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ. பருத்தித் துணி. பாறை மேட்டிலிருந்து ஒரு மரம் நெளிந்து கிளைத்து விரிப்பு முழுவதும் பரவுகிறது. ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து வகைப் பூக்கள். இது அச்சு அல்ல. கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து உலர்த்தி, மூங்கில் எழுதுகோலால் கோடு இழுத்து, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, சாயவேர் போட்டுக் காய்ச்சுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். அவுரிக்கு வேறு வழி: நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டுவதுதான். அந்த மஞ்சள் நிலைக்காது. அதனால் இப்போது இந்த மரத்துக்கு இலைகள் எல்லாம் நீலம். கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தால் ஓரிரு இலைகளின் ஓரத்தில் மஞ்சள் கொஞ்சம் மிஞ்சியிருப்பது தெரிகிறது. சிவப்பு மட்டும் நேற்றுத் தோய்த்த மாதிரி.

இந்தத் துணிகள் இங்கே வந்த பாதையில் ஓர் அரசியல் இருக்கிறது. இந்தியப் பருத்தித் துணியின் மோகத்தால் தங்கள் தொழில் அழிகிறது என்று இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1700இல் ஒரு சட்டம் சாயமிட்ட இந்தியத் துணி இறக்குமதிக்குத் தடை போட்டது; 1721இல் இன்னொரு சட்டம் உடுத்துவதையே தடுத்தது. ஆனால் லண்டன் கிடங்கில் இறக்கி மறுபடியும் கப்பலேற்றிக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பத் தடையில்லை. லண்டன்காரி அணியக் கூடாத துணியை பாஸ்டன்காரி தாராளமாக அணியலாம். டூபான்டின் அறைகளில் இருக்கும் அமெரிக்க வீடு எவ்வளவு அமெரிக்கம் என்று எண்ணிப் பார்த்தேன். மரம் கரீபியம், காகிதம் சீனம், தட்டு இங்கிலாந்து, விரிப்பு நம் கடற்கரை. தேநீரும் சீனத்திலிருந்து. தச்சன் மட்டும் உள்ளூர், அவனும் பெரும்பாலும் கப்பலில் வந்தவன்.

விரிப்பின் விளக்க அட்டையில் இந்தியா, சோழமண்டலக் கரை என்று இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. நேற்றைய தேநீர் மேசைக்கும் பெயர் இல்லை; அதனால் குறையாகச் சொல்லவில்லை.

சூப் கிண்ணங்களுக்கென்று தனிக்கூடம் இருக்கிறது. கேம்பெல் சூப் நிறுவனம் சேர்த்தவை. முட்டைக்கோஸ் வடிவத்தில், முயல் வடிவத்தில், பன்றித் தலை வடிவத்தில். பத்து நிமிடம் போதும்.

தோட்டத்துக்கு நாளில் பாதி வேண்டும். டூபான்ட் தோட்டக்கலை படித்தவர். தன்னை இந்த எஸ்டேட்டின் தலைமைத் தோட்டக்காரர் என்றே சொல்லிக்கொள்வார். வெட்டிச் சீராக்கிய புதர்களும் கோலம் போட்ட பாத்திகளும் இல்லை. காடு மாதிரி இருக்கும். காட்டில் ஒவ்வொரு செடியும் யோசித்து வைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூஞ்சை நோய் ஒன்று அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை நாடு முழுக்க அழித்தது. இங்கேயும் மரங்கள் விழுந்து காட்டில் வெளி விழுந்தது. அந்த வெளியில் டூபான்ட் ஜப்பானிலிருந்து வந்த அசேலியாச் செடிகளை நட்டார். மே மாதத்து இரண்டு வாரம் அவை பூக்கும், நாங்கள் வந்தது அந்த நேரம். இளஞ்சிவப்பு, வெள்ளை, பவழம் என்று இடுப்புயரத்துக்குப் பூ; மேலே உயர்ந்த மரங்களின் இளம்பச்சை. சாப்பாட்டு மேசைக்குப் பூவும் பீங்கானும் பொருத்திய அதே கண்தான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. சொல்லப்போனால் அறைகளைவிட இந்தக் காடு எனக்குப் பிடித்தது. இங்கே அவர் யாருடைய வீட்டையும் தன்னுடையதாக மாற்றவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தை பஸ்ஸிலிருந்து பார்த்தோம்.

ஞாயிறு, ஹேக்லி

175 அறைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் திரும்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வின்டர்டூரிலிருந்து காரில் பத்து, பதினைந்து நிமிடம் போனால் ஹேக்லி. பிராண்டிவைன் ஓடைக்கரையில் டூபான்ட் குடும்பத்தின் முதல் வெடிமருந்து ஆலைகள். 1802இல் தொடங்கி 1921 வரை ஓடியவை.

கட்டடங்களின் அமைப்பைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. மூன்று பக்கம் கனத்த கல்சுவர். ஓடையைப் பார்த்த நான்காவது பக்கமும் கூரையும் இலேசான மரம். வெடித்தால் வெடிப்பு மக்கள் இருக்கும் பக்கம் போகாமல் தண்ணீரின் மேல் பாயட்டும் என்பதற்காக அப்படி. வெடிக்கும் என்று தெரிந்தே போட்ட திட்டம். உள்ளே வேலை செய்தவனுக்கு அந்தச் சுவர் உதவாது. இறந்தவனை ஓடையைத் தாண்டிப் போய்விட்டான் என்பார்களாம். நூற்றிருபது ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். பலர் அயர்லாந்திலிருந்து வந்த குடியேறிகள். பொறி பறக்கக் கூடாது என்று செருப்பில் இரும்பாணிக்குப் பதில் மரமுளை அடித்திருந்தார்கள்.

நீர்ச்சக்கரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ள இரண்டு இரும்பு உருளைகள் தொட்டிக்குள் சுழன்று கந்தகம், கரி, வெடியுப்பை அரைக்கும். இப்போது தொட்டி காலி. அக்கா மகன் இங்கே நிறையக் கேள்வி கேட்டான், இயந்திரம் வந்துவிட்டதல்லவா.

மேட்டில் தொழிலாளர் குடியிருப்பு. மேற்பார்வையாளர் வீடு ஒன்றை அந்தக் காலத்துச் சாமான்களோடு வைத்திருக்கிறார்கள். சமையலறையில் இரும்பு அடுப்பு, சாயம் போன மேசை, ஜன்னலோரம் தையல் கூடை. இதுவும் பீரியட் ரூம்தான். ஆனால் அறையைக் கழற்றி வேறெங்கும் கொண்டு போகவில்லை. அது கட்டிய இடத்திலேயே இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஆலையின் சத்தம் கேட்டிருக்கும் தூரத்தில். வின்டர்டூர் பார்த்தவர்கள் இங்கே வந்துவிட்டுப் போவது நல்லது. தனியாகப் பார்த்தால் இரண்டும் அரைகுறை.

திங்கள், பிலடெல்பியா

வின்டர்டூர் திங்களன்று மூடியிருக்கும். பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் திறந்திருக்கும், வழியிலும் இருக்கிறது. 1920களிலிருந்து நீண்ட காலம் இதன் இயக்குநராக இருந்த பிஸ்க் கிம்பல், பார்வையாளர்கள் அறையறையாக நடந்தே உலகத்தின் காலங்களைக் கடந்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டவர். ஆகவே இங்கே பீரியட் ரூம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக் கூடம், சீன மண்டபம், ஜப்பானியத் தேநீர்க் குடில், பிறகு மதுரை.

ஆமாம், மதுரை. மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த கருங்கல் தூண்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் 1912இல் மதுரை வந்தபோது, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த செதுக்கிய கற்களை விலைக்கு வாங்கினார். முதல் உலகப் போரில் செவிலியாகப் பணியாற்றப் போன இடத்தில் பிரான்சில் இறந்தார். 1919இல் குடும்பத்தார் அவர் நினைவாகக் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு வெளியே ஓர் அருங்காட்சியகத்தில் இப்படித் தென்னிந்தியக் கல்மண்டபத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

கிடந்தவை கற்கள், நிற்பது மண்டபம். இரண்டுக்கும் இடையில் எது எங்கே நின்றிருக்கும் என்று யோசித்து அடுக்கியவர்கள் அருங்காட்சியகத்தார். மூன்று நாளாக டூபான்டின் சோபாவையும் படிக்கட்டையும் குறை சொன்ன நான் இங்கே வாயை மூடிக்கொள்ள முடியுமா? இந்த வரிசையும் ஓர் ஊகம். மதுரையில் அது எப்படி நின்றது என்று இந்தக் கூடம் முழுதாகச் சொல்லாது. மேலே வானமோ, பக்கத்தில் பிராகாரமோ இல்லை. ஆனாலும் ஆளுயரச் சிற்பங்கள் தூணை விட்டு வெளியே வந்து நிற்பதைப் பார்த்தபோது என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டது. மின்விளக்கு மேலிருந்து விழுவதால் மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது. கோயிலில் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். மேல்வரிசையில் ராமாயணக் காட்சிகள். அக்கா மகன் அண்ணாந்து பார்த்துக் கதையைக் கண்டுபிடித்துக்கொண்டே போனான். எங்கே தவறவிட்டானோ அங்கே நான் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் விரல் போகும் திசையிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்கள். “அடுத்தது என்ன?” என்று அந்தப் பெண்மணி கேட்டபோது வாலி வதம் வந்திருந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று அவன் அவர்களுக்கு விளக்க ஆரம்பித்ததும் நான் மெல்ல நகர்ந்துவிட்டேன். கம்பனாலேயே முடியாத வழக்கு.

அமெரிக்கப் பகுதியில் பவல் வீட்டின் அடுத்த அறையையும் பார்த்தாயிற்று. நியூயார்க்கில் இருப்பதைவிட இது வெளிச்சமாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல இல்லை. கண் மதுரையில் நின்றுவிட்டது.

வெளியே அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற 72 படிகள். ஒரு குத்துச்சண்டைப் படத்துக்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் வந்து இதில் ஓடி ஏறி, உச்சியில் நின்று கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் நின்று பார்த்த நேரத்தில் ஓடியவர்களில் பெரும்பாலோர் உள்ளே நுழையாமலேயே இறங்கிப் போனார்கள். “இவ்வளவு தூரம் வந்து உள்ளே போகாமல் திரும்புகிறார்களே” என்று ஆதங்கப்பட்டேன். அக்கா மகன் பதில் சொல்லாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, கீழே இறங்கிப் போய் ஓடி ஏறினான். முதல் படம் ஆடிவிட்டது என்று இன்னொரு முறையும் ஓடினான்.